பணம் கழிந்தது, ஆர்டர் பதிவாகவில்லை: என்ன செய்வது?

கைத்தெளிப்பான், பேட்டரித் தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்க்கான இணைப்புகள், தார்ப்பாய், காய்கறி விதை என்று பல பொருள்களை விவசாயிகள் இப்போது செல்போன் மூலமாகவே ஆன்லைன் கடைகளில் வாங்குகிறார்கள். டவுனுக்குப் போய்வரும் பஸ் செலவும் ஒரு நாள் வேலையும் இதனால் மிச்சமாகின்றன. பொருளைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. பணம் கட்டும் இடத்துக்கு வந்தபிறகுதான் தடுமாற்றம் ஏற்படுகிறது.

பொதுவாக நடப்பது இதுதான். 2,400 ரூபாய் விலையுள்ள ஒரு தெளிப்பானுக்கு ஒருவர் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து 2,400 ரூபாய் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. கடையின் பக்கத்திலோ சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு 'பணம் செலுத்தப்படவில்லை, மீண்டும் முயலவும்' என்று வருகிறது. பூச்சி தாக்கிய பயிர் வயலில் நிற்கிறது, தெளிப்பான் அவசரம். ஆகவே அவர் மறுபடியும் 2,400 ரூபாய் கட்டுகிறார். சில சமயம் மூன்றாம் தடவையும் கட்டுகிறார். மருந்துக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணம் இப்படி முடங்கிப்போகிறது.

முதல் தடவை கழிந்த பணம் பெரும்பாலும் எங்கும் போய்விடுவதில்லை. அது திரும்பி வரவும், வராவிட்டால் கேட்டு வாங்கவும் விதிகள் உண்டு. அவசரப்பட்டு அடுத்தாற்போல் செய்யும் காரியத்தால்தான் நஷ்டம் உண்டாகிறது.

மணியார்டர் போலத்தான்

மணியார்டர் அனுப்பியதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தபால் ஆபீசில் கட்டிய உடனேயே பணம் நம் கையை விட்டுப் போய்விடும். பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்ட சீட்டு நம்மிடம் திரும்பி வரச் சில நாள் ஆகும். சீட்டு வரவில்லையே என்று யாரும் மறுநாளே இரண்டாவது மணியார்டர் அனுப்ப மாட்டார்கள்.

ஆன்லைன் கடையிலும் பணம் போவது ஒன்று, பணம் வந்த தகவல் கடைக்குக் கிடைப்பது மற்றொன்று. நீங்கள் 'பணம் செலுத்துக' என்ற இடத்தை அழுத்தியதும், கடை உங்களைப் பணம் வசூலிக்கும் வேறொரு கம்பெனியிடம் அனுப்பிவைக்கிறது. அது உங்கள் போனில் உள்ள யு.பி.ஐ. செயலியைத் திறக்கிறது. ரகசிய எண்ணைப் போட்டவுடன் உங்கள் வங்கி தொகையைக் கழித்துக் கடையின் வங்கிக்கு அனுப்புகிறது. அதன்பிறகு 'பணம் வந்துவிட்டது' என்ற செய்தி வந்த வழியே திரும்பிக் கடைக்குப் போகவேண்டும். சில விநாடிகளில் முடிகிற வேலைதான். ஆனால் நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும், பணம் கழிந்தது கழிந்தபடியே இருக்க, கடைக்கு விஷயம் தெரியாமல் போய்விடும்.

கிராமங்களில் இந்தக் கண்ணி அறுவதற்குச் சிக்னல் குறைவே முக்கியக் காரணம். மோட்டார் ரூமுக்குள் நின்றுகொண்டு பணம் கட்டுவதைவிட வெட்டவெளிக்கு வந்து கட்டுவது நல்லது. பழைய போன்களில் இன்னொரு தொல்லை உண்டு. யு.பி.ஐ. செயலி திறக்கும்போது, இடம் போதாமல் போனே கடையின் பக்கத்தை மூடிவிடும். வேறு செயலிகளை எல்லாம் முதலில் மூடிவிட்டுப் பணம் கட்டினால் இது குறையும். ரகசிய எண்ணைப் போட்டபின் பின்னோக்கிச் செல்லும் பட்டனைத் தொடக்கூடாது. சக்கரம் சுற்றினால் சுற்றட்டும். அந்தச் சமயத்தில் போன் வந்தால் அதை எடுக்காமல் இருப்பதே உசிதம்.

எங்கே பார்க்கவேண்டும்?

பணம் கழிந்து ஆர்டர் பதிவாகாவிட்டால், கடையின் பக்கத்தை விட்டுவிட்டு முதலில் யு.பி.ஐ. செயலியில் பழைய வரவு செலவு உள்ள பகுதியைத் திறக்கவேண்டும். நீங்கள் கட்டிய தொகைக்கு எதிரே மூன்றில் ஒன்று காட்டும். 'பெண்டிங்' என்று இருந்தால் முடிவு இன்னும் தெரியவில்லை என்று பொருள். அப்போது மறுபடியும் கட்டவே கூடாது. 'ஃபெயில்ட்' என்று இருந்து, கணக்கிலும் பணம் குறைந்திருந்தால், அதைத் திருப்பி வைக்கவேண்டியது வங்கியின் பொறுப்பு. 'சக்ஸஸ்' என்று இருந்தால் பணம் கடைக்குப் போய்விட்டது. இனி கடைதான் பதில் சொல்லவேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வங்கிக்கும் கடைக்குமாக அலைபவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையே வழிகாட்டும்.

'சக்ஸஸ்' என்று இருந்தால் கடையில் 'என் ஆர்டர்கள்' என்ற பகுதியையும் பாருங்கள். பல சமயம் சிறிது நேரம் கழித்து ஆர்டர் தானாகவே அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். வராவிட்டால் கடையின் செயலிக்குள்ளேயே உள்ள உதவிப் பகுதியில் புகார் எழுதலாம்.

யு.பி.ஐ. மூலம் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் 12 இலக்கமுள்ள ஓர் எண் உண்டு. செயலியில் அந்தத் தொகையைத் தொட்டால் தெரியும். வங்கியானாலும் கடையானாலும் முதலில் கேட்பது அதைத்தான். அதைத் தேதி, தொகையுடன் ஒரு நோட்டில் எழுதிவைப்பது அவசியம். போன் கெட்டுப்போனாலும் நோட்டு இருக்கும்.

ஐந்து நாள் கணக்கு

இத்தகைய பணத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அது அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. கடைக்குக் கட்டிய பணம் கணக்கிலிருந்து கழிந்து, கடைக்கு உறுதித் தகவல் போகாமல் நின்றுவிட்டால், கட்டிய நாளுக்குப் பிறகு ஐந்து நாள்களுக்குள் அது தானாகவே கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படவேண்டும். யு.பி.ஐ. மூலம் கட்டினாலும், கார்டு மூலம் ஆன்லைனில் கட்டினாலும் இதே ஐந்து நாள்தான். அதற்கு மேல் தாமதமானால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. வாடிக்கையாளர் புகார் செய்யட்டும் என்று காத்திராமல் தாங்களாகவே நஷ்டஈட்டை வழங்கவேண்டும் என்றும் உத்தரவில் இருக்கிறது.

உதாரணமாக, ஜூன் 1-ந் தேதி பணம் கழிந்தது என்றால் ஜூன் 6-ந் தேதிக்குள் அது திரும்பி வந்தாகவேண்டும். ஜூன் 10-ந் தேதிதான் வந்தது என்றால் நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய் சேர்ந்து வரவேண்டும். இந்த விதி இருப்பது தெரியாததால் பலர் அசல் வந்ததே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பாங்க் மேனேஜரிடம் தயங்காமல் கேட்கலாம். இது சலுகை அல்ல, உங்களுக்குச் சேரவேண்டியது. பணம் கடைக்கே போய்ச் சேர்ந்து, கடை பொருள் அனுப்பாமல் இருந்தால் அது வேறு வழக்கு; அதற்கு இந்த ஐந்து நாள் கணக்கு பொருந்தாது.

ஐந்து நாளுக்குள் வராவிட்டால் யு.பி.ஐ. செயலியிலேயே அந்தத் தொகையின் கீழ் புகார் செய்யலாம். வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. 30 நாளாகியும் வங்கி பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கடை மீதுள்ள புகாருக்குத் தனி வழி. மின்வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆன்லைன் கடைகள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கவேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அதிலும் பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. பணம் போன பதற்றத்தில் பலர் கடையின் பெயரைப் போட்டு, 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று இணையத்தில் தேடுகிறார்கள். அங்கே கிடைக்கும் எண்களில் மோசடிக்காரர்களுடையதும் உண்டு. மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். 'உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்பார்கள். அல்லது போனில் ஒரு செயலியை ஏற்றச் சொல்லி, உங்கள் போனில் தெரிவதை எல்லாம் அங்கிருந்தே பார்ப்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை; பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. பணம் தருகிறேன் என்று சொல்லி ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்த முடிந்தாலும் முடியும். வங்கிக்கும் உடனே தெரிவிக்கவேண்டும்.

எந்தப் 'பின்'?

பணம் கட்டும் முன்பே ஏற்படும் குழப்பங்களும் உண்டு. அவற்றில் 'பின்' என்ற சொல்லால் வருவதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. விலாசம் எழுதும் பக்கத்தில் கேட்கும் 'பின்' என்பது 1972-ல் தபால் இலாகா கொண்டுவந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. யு.பி.ஐ. செயலியில் கேட்கும் 'பின்' நம்முடைய ரகசிய எண். அது நான்கு இலக்கமாகவோ ஆறு இலக்கமாகவோ இருக்கும். ரகசிய எண்ணை விலாசத்தில் எழுதிவிட்டால் அது கடைக்கும் பார்சல்காரருக்கும் தெரிந்துவிடும். விலாசப் பக்கத்தில் தபால் எண் மட்டும், தொகையும் பெறுபவர் பெயரும் தெரியும் யு.பி.ஐ. செயலியில் மட்டும் ரகசிய எண் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். அந்தப் பெறுபவர் பெயரையும் கவனியுங்கள். கடையின் பெயரோ வசூல் கம்பெனியின் பெயரோ இல்லாமல் யாரோ தனி நபரின் பெயர் இருந்தால் நிறுத்திவிடுவது நல்லது.

சில கடைகள் எல்லா ஊர்களுக்கும் பொருள் அனுப்புவதில்லை. ஆகவே பொருளைப் பார்க்கும் பக்கத்திலேயே ஊரின் பின்கோடைப் போட்டுப் பார்த்துவிட்டால் கடைசிவரை போய் ஏமாறவேண்டாம்.

கார்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தடை. ஏ.டி.எம்.மில் நன்றாக வேலை செய்கிற கார்டு ஆன்லைனில் மட்டும் மறுக்கப்படுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். கார்டு கெட்டுப்போகவில்லை. 2020-ல் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாட்டின்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் ஏ.டி.எம்.மிலும் கடைகளில் உள்ள தேய்க்கும் மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைனில் பயன்படுத்த வாடிக்கையாளரே கேட்டுத் திறந்துகொள்ளவேண்டும். வங்கியின் செயலியில் அதைச் செய்துகொள்ளலாம். முடியாதவர்கள் கிளையில் கேட்கலாம். எவ்வளவு ரூபாய் வரை என்று வரம்பு வைத்துக்கொள்ளவும் முடியும். திருட்டுக்குப் பயந்து செய்த பூட்டு இது, நல்ல ஏற்பாடுதான்.

ஓ.டி.பி. வரவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். வங்கிக் கணக்கு தொடங்கியபோது யாருடைய செல்போன் எண்ணைக் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் கணக்குக்கு மகனின் எண் இருக்கும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். எண் அவருக்குப் போய், அவர் போனில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். வங்கியில் எண்ணை மாற்றிக்கொள்வதே இதற்கு நிரந்தர வழி.

கடைசிப் பக்கத்தின் தொகை

பொருளின் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டக்கூடாது. அனுப்பும் கூலி, காப்புறுதி, ஏதோ ஒரு சங்கத்துக்கு நன்கொடை என்று கடைசிப் பக்கத்தில் சில்லறைத் தொகைகள் ஏறியிருக்கும். சிலவற்றுக்கு நேராக டிக் அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். இப்படி வாடிக்கையாளரின் சம்மதத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதையும், கடைசியில் விலையை ஏற்றிக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன. விதி இருந்தாலும் டிக் இருக்கிறதா என்று நாம்தான் பார்த்து எடுக்கவேண்டியிருக்கிறது.

மானியத்தில் கருவி வாங்க நினைப்பவர்கள் ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடவேண்டும். சொந்தமாக வாங்கிவிட்டுப் பிறகு பில்லைக் கொண்டுபோனால் மானியம் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

முதல் தடவை வாங்குபவர்களும் சிக்னல் சரியில்லாத ஊரில் இருப்பவர்களும், பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குச் சில கடைகள் தனியாகக் கொஞ்சம் கட்டணம் வாங்குகின்றன. வீண் அலைச்சலைப் பார்க்கும்போது அது பெரிதல்ல. பார்சல் கொண்டுவருபவரும் சில சமயம் ஓ.டி.பி. கேட்பார். அப்போது வந்திருக்கும் குறுஞ்செய்தியை முழுவதும் படிக்கவேண்டும், அல்லது படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டவேண்டும். பார்சலை ஒப்படைப்பதற்கான எண் என்று கடையின் பெயரோடு இருந்தால் சொல்லலாம். வங்கியின் பெயரும் ஒரு தொகையும் இருந்தால் சொல்லக்கூடாது. பார்சலைத் திருப்பி அனுப்பிவிடலாம்.