மூலிகைக் கலவையும் முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும்

மூலிகை இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்னும் கருத்து மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. மூலிகைகள் பயனுள்ள மருந்துகளை அளித்துள்ளன என்பது மறுக்கவியலாதது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்ரின் புற்றுநோய்க்கு மருந்தாகின்றது. எனினும், ஒரு கலவையின் பயனை மதிப்பிடுமுன் அதனுள் யாது உள்ளது என அறிதல் வேண்டும். இதனை விளக்க, பி.சி.-ஸ்பெஸ் என்னும் கலவையின் வரலாற்றினை ஈண்டு நோக்குவோம்.

புரொஸ்ரேட் எனப்படும் முன்னிற்குஞ் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் ஆண் ஓமோனின் தூண்டலால் வளர்வது. விதைகளை அகற்றுவதாலோ ஈஸ்ரோஜன் என்னும் பெண் ஓமோனை அளிப்பதாலோ இந்நோய் தணிவதை 1941 இல் சாள்ஸ் ஹகின்ஸ் காட்டினார். இதற்காக 1966 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. டைஎதில்ஸ்ரில்பெஸ்ரரோல் என்னும் செயற்கை ஈஸ்ரோஜன் நெடுங்காலம் இந்நோய்க்கு அளிக்கப்பட்டது. ஆயின், குருதிக் குழாய்களில் குருதி உறைதல் அதனால் விளையும் பெருங்கேடாகும்.

பி.சி.-ஸ்பெஸ் 1996 முதல் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்டது. அதிமதுரம், செவ்வந்தி உள்ளிட்ட எட்டு மூலிகைகளின் கலவை என அது கூறப்பட்டது. 'ஸ்பெஸ்' என்பது இலத்தீனில் நம்பிக்கை எனப் பொருள்படும். அதனை உட்கொண்ட நோயாளர் பலரின் குருதியில் புற்றுநோயைச் சுட்டும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் குறைந்தது. ஆனால், 1998 இல் வெளிவந்த ஆய்வொன்று அக்கலவை வலிய ஈஸ்ரோஜன் இயல்புடையது எனக் காட்டியது. மார்பு நோவும் குருதி உறைதலும் சிலரிடம் காணப்பட்டன.

2002 இல் உண்மை வெளிப்பட்டது. வேதிப் பகுப்பாய்வில் டைஎதில்ஸ்ரில்பெஸ்ரரோல், குருதி உறைதலைத் தடுக்கும் வார்பரின், நோவு நீக்கியான இண்டோமெதசின் ஆகியன கண்டறியப்பட்டன. அவற்றின் அளவு தொகுதிக்குத் தொகுதி வேறுபட்டது. அவ்வாண்டே கலவை சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதன்மீது நடைபெற்ற ஆய்வுகளும் இடைநிறுத்தப்பட்டன.

இதனால் அவ்வெட்டு மூலிகைகளும் பயனற்றவை என நாம் முடிவுகொள்ளல் தகாது. மூலிகையின் விளைவையும் கலந்த மருந்தின் விளைவையும் பிரித்தறிய இயலாது போயிற்று என்பதே உண்மை. இக்கேட்டினை முதலிற் சுமந்தவர் நோயாளரே. ஈஸ்ரோஜன் வேண்டாவென எண்ணியவரும் அறியாமலே அதனை உட்கொண்டனர். மருத்துவரும் அதனை அறியாதவராய்ச் சிகிச்சையளித்தனர். எனவே, மூலிகை உட்கொள்வோர் அதனை மருத்துவருக்கு மறைத்தலாகாது. மூலிகையை ஆராய்வோர் ஒவ்வொரு தொகுதியையும் முதலிற் பகுத்தாய்தல் கடனாகும். மூலிகை மருத்துவத்தின் மதிப்பைக் காப்பதும் அத்தகைய சோதனையே என்பது எமது துணிபு.