பகலில் விளக்கு எதற்கு?

சென்ற பங்குனியில் என் மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிய அடுக்கு மாடிக் கட்டடம். மேற்கு முகப்பு முழுவதும் பளபளக்கும் கண்ணாடி. வெளியே பிற்பகல் வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. உள்ளே பையன் மின்சார விளக்கின் கீழ் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தான்! வெயிலுக்கு அஞ்சிக் கண்ணாடியைத் தடித்த திரையால் மூடியிருந்தார்கள்.

வெளிச்சம் வேண்டும்; வெப்பம் வேண்டாம். இவ்விரண்டையும் பிரித்துத் தருவதே நம் நாட்டில் முகப்பு அமைப்போரின் கடமை.

தெற்குச் சுவரில் விழும் உச்சிவெயிலை ஜன்னலுக்கு மேல் நீட்டிய சிறு மறைப்பே தடுத்துவிடும். மேற்கு வெயிலோ தாழ்ந்து வந்து நேரே அறைக்குள் பாயும். அதற்கு ஆழமான தாழ்வாரம் தேவை.

இதை நன்குணர்ந்தவர் சார்லஸ் கொரியா. மும்பையில் கம்பாலா குன்றின் மீது 1983-ல் முடிவடைந்த 'காஞ்சன்ஜங்கா' அவர் அமைத்தது. 28 மாடிகள், 32 வீடுகள். கடற்காற்றும் காட்சியும் மேற்கில். கடும் வெயிலும் மழையும் அங்கேயே! கொரியா பழைய பங்களாக்களைச் சுற்றியிருந்த தாழ்வாரங்களை நினைவு கூர்ந்தார். கட்டடத்தின் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் தோட்டத் தாழ்வாரங்களைக் குடைந்தார். வெயிலையும் மழையையும் தாழ்வாரம் தாங்கிக் கொள்ள, பின்னாலுள்ள அறைகளுக்கு இதமான வெளிச்சம் கிடைக்கிறது.

"அது செல்வர் மாளிகையாயிற்றே!" என்பீர்கள். ஏழைகளின் கதையையும் கேளுங்கள். நியூயார்க்கில் 1879-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் எழுந்த தொழிலாளர் குடியிருப்புகளில், இரு கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய சந்து ஒன்றை விட்டு, அதைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். கீழ் மாடிகளுக்கு ஒளி எட்டவில்லை. குப்பைதான் வந்து விழுந்தது. 1901-ல் வந்த புதுச் சட்டம், இனிக் கட்டும் வீடுகளில் விசாலமான திறந்த முற்றம் விட வேண்டுமென்று விதித்தது. ஆகவே, வெளிச்சம் என்பது பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. விதியையும், அதைக் கேட்டுப் பெறும் மக்களையும் பொறுத்தது.

வீடு வாங்கப் போகும் அன்பர்களுக்கு ஒரு கைக்கணக்கு: தரையிலிருந்து ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தூரம் வரையில்தான் பகலொளி அறைக்குள் நன்கு பயன்படும். விளிம்பு 7 அடி உயரமென்றால், ஒளி 14 அடி வரை. எனவே, பகல் வேளையில் போங்கள். விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொல்லுங்கள். ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டால், முகப்பு எவ்வளவு பளபளத்தாலும் அந்த வீடு குழந்தைகளுக்கு ஏற்றதன்று.