கடலோரப் பந்தி – 7: ஒத்தவாடைத் தெருவில் இரண்டு அடுப்பு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ் பிடித்தால் நடுவில் திருக்கழுக்குன்றம் வரும். நண்பகலில் இரண்டு கழுகுகள் மலைமேல் வந்திறங்கி, அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் பறந்து போனதைப் பார்த்தவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள். பாறு இனம், இயல்பில் செத்த மாமிசம் தின்பவை. ஆனாலும் நம்மவர்கள் விருந்தாளியின் பழக்கத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. நம் வீட்டில் என்ன உண்டோ அதை வைத்தார்கள், கழுகுகளும் பழகிக்கொண்டன.

அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் கிழக்கே, கடலோரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே விருந்தாளி கேட்டதையெல்லாம் சமைக்கப் பழகிக்கொண்டார்கள்.

மாமல்லபுரத்துச் சிற்பங்களும் கோயில்களும் 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. முதுகில் மூட்டையோடு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மலிவான அறை வேண்டியிருந்தது, மீன் வேண்டியிருந்தது. கடற்கரையை நோக்கிப் போகும் ஒத்தவாடைத் தெரு இரண்டையும் கொடுத்தது. மூன்ரேக்கர்ஸ் போல நாடறிந்த கடைகளும் இந்தத் தெருவில் உண்டு. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தவை கீழே வீடும் மேலே கீற்றுக் கொட்டகையுமாக, ஒரே குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகள். மூத்தவர் விடியற்காலையில் கடற்கரை ஏலத்துக்குப் போவார். இளையவருக்கு மேசையும் இங்கிலீஷும். அம்மாவும் மருமகளும் உள்ளே. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்.

இந்தத் தெருவில் மெனு கார்டு வெறும் அலங்காரம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு வரும். அதில் கொடுவா, வவ்வால், வஞ்சிரத் துண்டு, நண்டு, கணவாய், ஒரு சிங்கி இறால். விரலால் காட்டினால் போதும். விலை எடையைப் பொறுத்தது. அளவு, நாள், ஆள் மூன்றையும் பொறுத்தது என்றும் சொல்வார்கள். சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா என்று எடையைக் கேட்டுவிடுங்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே தூக்கிக் காட்டுவார்.

பிறகு ஒரு கேள்வி வரும்: “பட்டர் கார்லிக்கா, கிரில்லா சார்?” கிரில் என்றால் தயங்காதீர்கள். முழுக் கொடுவாவைக் கீறி, உப்பும் எலுமிச்சையும் தடவித் தணலில் வாட்டுவதை இந்தத் தெரு நன்றாகக் கற்றிருக்கிறது. பட்டர் கார்லிக் விஷயத்தில் எனக்கு மன்னிக்கும் குணம் கிடையாது. அன்று காலையில் வந்த இறாலும் ஐஸ் பெட்டியில் வாரம் கழித்த இறாலும் அந்த வெண்ணெயில் விழுந்துவிட்டால் ஒன்றுதான்.

அப்படி ஒரு கடையில் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் வடிந்துவிட்டது. உள்ளேயிருந்து புளியும் வெந்தயமும் கொதிக்கிற வாசனை வந்தது. “என்ன தம்பி, அது எந்த மேசைக்கு?” என்று கேட்டேன்.

“அது எங்களுக்கு சார். சங்கரா கொழம்பு. காரமா இருக்கும், உங்களுக்கு ஒத்துக்காது.”

செங்கல்பட்டு பஸ்ஸில் வந்தவனிடம் காரம் ஒத்துக்காது என்கிறார்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷக்கணக்காக மேசைக்கு வந்து ‘நோ ஸ்பைசி’ கேட்டுப் பழகிய காது. உள்ளே இருந்த அம்மாதான் எட்டிப் பார்த்து, “கேக்குறாரு இல்ல, சோறு வைடா” என்றார்.

மண்சட்டிக் குழம்பு. தேங்காய் கிடையாது, இந்தக் கரையில் பல வீடுகளில் மீன் குழம்புக்குத் தேங்காய் சேர்ப்பதில்லை. கெட்டிப் புளி, மிளகாய்த்தூள், தனியா, நசுக்கிய பூண்டு, கடைசியில் நாலு துண்டு மாங்காய். பக்கத்தில் பொரித்த நெத்திலி. மேலே நான் சொன்ன கொடுவா எவ்வளவு நன்றாக இருந்தாலும், இதற்கு முன்னால் அது சுற்றுலாப் பண்டம்தான். அந்தக் குழம்பு கார்டில் இல்லை. விலை கேட்டதற்கு அம்மா “சோத்துக்குக் குடு போதும்” என்றார்.

இதை எழுதும்போது உலகின் மறுபக்கத்துத் தீவு ஒன்று நினைவுக்கு வருகிறது. கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா. அதன் கிழக்குப் பகுதிதான் இன்றைய டொமினிக்கன் குடியரசு. அங்கேயும் குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. மதியத்துக்கு வெள்ளைச் சோறு, சிவப்புப் பீன்ஸ் குழம்பு, இறைச்சி. காலையில் வாழைக்காயை வேகவைத்து மசித்த மங்கு. சமானா பகுதியில் தேங்காய்ப் பாலில் மீன். நம்மூர்க்காரர் உட்கார்ந்தால் அரைமணியில் வீட்டு ஞாபகம் வந்துவிடும், ஒரே ஒரு குறை தவிர: காரம் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், 1493 ஜனவரியில் கொலம்பஸ் மிளகாயைப் பற்றிக் குறிப்பெழுதியது அந்தத் தீவில் இருந்துகொண்டுதான். மிளகாய் பிறகு போர்த்துகீசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்து குழம்பையே பிடித்துக்கொண்டது. நம் ஆசியக் கண்டத்து வாழை கானரித் தீவுகள் வழியாக 1516-ல் அங்கே போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் வாழையை வைத்துக்கொண்டார்கள். மிளகாய் அவர்கள் அன்றாடச் சமையலில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. நாம் அள்ளிக்கொண்டோம். இப்போது ஒத்தவாடைத் தெருவில் விருந்தாளிக்காக அதே மிளகாயைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

குறைக்கத்தான் வேண்டுமா? 2019 அக்டோபர் 11 இரவு, கடற்கரைக் கோயில் வளாகத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்குப் பிரதமர் மோடி கொடுத்த விருந்தில் அரைத்துவிட்ட சாம்பாரும் தக்காளி ரசமும் இருந்தன. அதிபருக்கே ரசம் ஊற்றலாம் என்றால், ஜெர்மனியிலிருந்து வந்த கல்லூரிப் பையனுக்குச் சங்கராக் குழம்பு காட்டினால் என்ன?

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தட்டு திரும்பி வந்தால் நஷ்டம் வீட்டுக்குத்தான். முதலாளி, தொழிலாளி எல்லாம் அதே நாலு பேர். 2004 சுனாமியில் கடலோரக் கடைகள் அடிபட்டன. கொரோனாவில் வெளிநாட்டு வரவு நின்றது. பிழைக்க வைத்தது ஈ.சி.ஆர் வழியாகச் சனி ஞாயிறு வரும் சென்னைக் கூட்டம்தான். அந்தக் கூட்டமும் தட்டைப் பார்த்ததும் ‘பட்டர் கார்லிக்’ என்கிறது. கேட்கத் தெரியாத நம்மிடம்தான் பாதித் தப்பு.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகுகள்தான் கரையோரத்தில் வலை போடும். அந்த நாட்களில் தட்டில் பெரிய வஞ்சிரம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்கு என்ன வாங்கினீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். மத்தியோ கிழங்கானோ, இருப்பதைச் சொல்வார்கள். மூன்று மணிக்கு முன்னால் போய்ப் பிரயோசனமில்லை, அதுவரை அவர்கள் வீட்டு உலை ஏறியிருக்காது.