ஏழாயிரத்தை நிறுக்கும் விதம்

மூலக்குளத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ‘ஐரிஸ்’ நுண்செயலிக்கு, நான் சி மொழியில் எழுதுவது எப்படிப் புரியும்?” 2025 பிப்ரவரியில் அச்செய்தி வந்தபோது ‘சுதேசி’ என்ற சொல்லுக்குக் கொட்டை எழுத்துகளைச் செலவிட்ட தலைப்புகளில் இந்தக் கேள்வி எனக்குத் தென்படவில்லை.

சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதியதை நுண்செயலியின் ஆணைகளாக மாற்றித் தரும் ஜி.சி.சி. என்னும் கம்பைலரை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்டார். ஒரு நுண்செயலிக்குப் புரியும் ஆணைகளின் பட்டியலே ஆணைத்தொகுதி; ரிஸ்க்-ஃபைவ் என்ற ஆணைத்தொகுதி 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பிறந்தது. 2017 மே மாதம் வெளியான ஏழாம் பதிப்பில் முன்னது பின்னதை ஏற்றது. சென்னையின் ‘சக்தி’ நுண்செயலிகளும், அவ்வழி வந்த ஐரிஸும், அதே ஆணைத்தொகுதியைக் கைக்கொண்டமையால், நமக்கென்று தனிக் கம்பைலர் இயற்றும் சிரமம் நீங்கிற்று.

ஒரு புதிய நுண்செயலியைக் கம்பைலருக்கு அறிமுகம் செய்வதென்பது, பெரும்பாலும், அதன் ஆணைகளையும் ஒவ்வோர் ஆணையும் எதை ஏற்கும் என்பதையும் விவரிக்கும் ஒரு கோப்பை எழுதுவதேயாகும். உதாரணமாக, ரிஸ்க்-ஃபைவின் கூட்டல் ஆணை தன்னுள் சுமக்கக்கூடிய எண் −2048 முதல் 2047 வரைதான். அதற்கு மேற்பட்டதை உண்டாக்க, 4096-இன் மடங்குகளை மட்டும் தரும் வேறோர் ஆணையைத் துணைக்கு அழைக்க வேண்டும். ஆகவே 5000 என்பது 4096-உம் 904-உம். ஆனால் 7000? ஒரு 4096 போக மீதி 2904; அது சிறிய ஆணைக்குள் அடங்காது.

எங்கள் மூலக்குளத்து மளிகைக் கடையில் மின்தராசு வருமுன் இருந்த இரட்டைத் தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். 4096 கிராமில் பெரிய படிக்கற்களும், 2048-க்கு மேற்படாத சிறு கற்களும் மட்டுமே உடைய அந்தக் கடைக்காரர், 7000 கிராம் புளி கேட்டவருக்கு இரண்டு பெரிய கற்களை ஒரு தட்டில் வைத்துவிட்டு, 1192 கிராம் சிறு கல்லைப் புளியின் பக்கமே வைப்பார்! 8192-இலிருந்து 1192 கழிய, கணக்கு நேர். தட்டில் கல்லைக் கண்ட வாங்குபவர் சண்டைக்கு வருவார் என்பது வேறு விஷயம். கடைக்காரர் ஊருக்குப் போனால் பையன் திகைக்காதிருக்கச் சுவரில் ஒட்டிச் செல்லும் சீட்டுத்தான் அந்த விவரணைக் கோப்பு. அதில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து ஒன்று, “இது சிறு கல்லுக்குள் அடங்கும் எண்” என்று பொருள்படுகிறது. எத்தனை நேர்த்தி!

ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வெளியாகும் ஜி.சி.சி.யில், கெடு நெருங்க நெருங்கப் பிழைதிருத்தத்திற்கன்றி வேறெதற்கும் அனுமதி இராது. எனினும் கம்பைலரின் பிற பகுதிகளைத் தொடாத புதிய நுண்செயலி விவரணைக்கு அந்தக் கட்டத்திலும் விலக்கு உண்டு. பிறர் சீட்டை அழிக்காமல் தன் சீட்டை ஒட்டுகிறவனைத் தடுப்பானேன்? உலகத்தார் பலர் எழுதிய சீட்டை நம்பியே நம் சுதேசிச் சில்லு பேசுகிறது என்பதில் இழுக்கு ஏதுமில்லை. தலைப்புகள் அதை மறைப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

கேட்ட மாணவர், 7000 என்ற எண்ணைத் திருப்பித் தரும் சிறு நிரலொன்றை ரிஸ்க்-ஃபைவுக்கான ஜி.சி.சி.யில் இட்டு, நுண்செயலியின் ஆணைகளை எழுத்தில் காட்டும் அசெம்பிளி வடிவத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். அதில் 8192-உம் −1192-உம் அடுத்தடுத்து நிற்கும்.