பருவநிலை மாநாடும் கிராம ஸ்தாபனங்களும்

ஆடிப் பட்டத்தில் விதைப்பதும், ஐப்பசி கார்த்திகையில் அடைமழைக்கு ஆயத்தமாவதும், தை பிறந்ததும் அறுவடையில் இறங்குவதும் தமிழ்நாட்டு உழவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த முறையாகும். பருவம் தவறாது என்னும் நம்பிக்கையே இம்முறைக்கு அடிப்படை. அந்நம்பிக்கை இப்பொழுது தளர்ந்து வருகிறது. 2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவுக்கு 62 விழுக்காடு குறைந்தது; ஏரிகளும் கிணறுகளும் வறண்டன. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலோ தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 92 சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

இத்தகைய நிலைமையை எதிர்கொள்ளும் வழிகளை ஆராய்வதற்காக உலக அளவிலும் வட்டார அளவிலும் பருவநிலை மாநாடுகள் கூட்டப்பெறுகின்றன. அரசாங்கங்கள் மட்டுமின்றி, பொது ஸ்தாபனங்களும் அவற்றில் கலந்துகொள்ளுமாறு அழைக்கப்பெறுகின்றன. இவ்வழைப்பின் உட்பொருள் யாது? நம் கிராமத்து ஸ்தாபனங்கள் அதனை எவ்வாறு பயன்படுத்திக்கொள்ள வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் இங்குச் சற்று விரிவாக ஆராய்வோம்.

அழைப்பு பிறந்த வரலாறு

நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரிப்பதனால் எழும் கரியமில வாயு, காற்று மண்டலத்தில் தங்கிப் போர்வை போல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டு முதல் இவ்வாயு தொடர்ந்து அளக்கப்பட்டு வருகிறது. அளவு தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்காக இருந்த இவ்வாயு, 2024-ஆம் ஆண்டில் 420 பங்கைத் தாண்டிவிட்டது. காற்று வெப்பமடையுந்தோறும் அது தாங்கிநிற்கும் நீராவியும் மிகுகிறது. மழை பெய்யாத நாட்கள் நீள்வதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் இதனால் நேரக்கூடியவையே.

இதனைத் தடுப்பதற்கான உலக உடன்படிக்கை 1992-ஆம் ஆண்டில் உருவாயிற்று. அவ்வாண்டு ரியோ டி ஜெனீரோ நகரில் நடைபெற்ற மாநாட்டில் நாடுகள் பல அதில் கையொப்பமிட்டன. 1994-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வுடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு நாம் கருதத்தக்கது. அரசாங்கத்தைச் சேர்ந்ததாயினும் சேராததாயினும், தேசிய அளவினதாயினும் சர்வதேச அளவினதாயினும், இத்துறையில் தகுதி வாய்ந்த எந்த ஸ்தாபனமும் விருப்பம் தெரிவித்தால் பார்வையாளராகச் சேர்க்கப்படலாம் என்றும், வந்திருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு மறுத்தாலன்றி அதற்குத் தடையில்லை என்றும் அப்பிரிவு கூறுகிறது.

இவ்வாறு சேர்ந்த ஸ்தாபனங்கள் இன்று ஒன்பது பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. தொழில் வணிக அமைப்புகள், சுற்றுச்சூழல் சங்கங்கள், உழவர் அமைப்புகள், தொல்குடி மக்களின் அமைப்புகள், உள்ளாட்சி மன்றங்கள், ஆராய்ச்சி நிலையங்கள், தொழிற்சங்கங்கள், மாதர் அமைப்புகள், இளைஞர் அமைப்புகள் என்பன அவை. பார்வையாளருக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் அவையில் தம் கருத்தைச் சொல்லவும், நாடுகளின் பிரதிநிதிகளைச் சந்தித்து எடுத்துரைக்கவும், நடந்ததை ஊருக்குத் திரும்பி உரைக்கவும் அவர்களுக்கு வாய்ப்பு உண்டு.

உலக மாநாட்டில் பொதுக் கொள்கைகளே பெரிதும் பேசப்படும். ஒரே வகையான கடலும் மழையும் பயிரும் உடைய பகுதியினர் கூடும்பொழுதுதான் செயல்முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான பருவநிலை வாரம் 2019-இல் பாங்காக் நகரிலும், 2023-இல் மலேசியாவின் ஜோகூர் பாரு நகரிலும் நடைபெற்றது இந்நோக்கத்துடனேயாகும். தமிழ்நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பருவநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பெற்று, மாவட்டந்தோறும் ஆட்சித் தலைவரின் பொறுப்பில் அதற்கான அமைப்பு வகுக்கப்பெற்றது. ஆகவே இத்தகைய அழைப்புகள் இனி மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் வந்து சேரும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

"நமக்கு அங்கே என்ன வேலை?"

இவ்வாறு கேட்கும் கிராம அன்பர்கள் பலர் உண்டு. விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் ஆராய வேண்டிய பொருளில் பஞ்சாயத்தும் பால் கூட்டுறவுச் சங்கமும் மாதர் சங்கமும் பேச என்ன இருக்கிறது என்று அவர்கள் தயங்குகிறார்கள். இத்தயக்கத்துக்கு நம் கிராம வளர்ச்சி வரலாறே விடையளிக்கிறது.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஐந்தாண்டுகள் கழித்து, பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் அமைந்த குழு அதனை ஆராய்ந்தது. மக்கள் தாமே முன்வந்து உழைக்கும் ஊக்கத்தைத் திட்டம் போதிய அளவு எழுப்பவில்லை என்பதும், மக்கள் தேர்ந்தெடுத்த ஸ்தாபனங்களிடம் பொறுப்பும் அதிகாரமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதும் 1957-இல் அக்குழு கண்ட முடிவுகள். மக்களுக்காகத் தீட்டப்பட்ட திட்டமாயினும் மக்களைக் கலவாமல் தீட்டப்பட்டால் வேர்கொள்ளாது என்ற அப்பாடத்தைப் பருவநிலைப் பணியில் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டிய அவசியமில்லை.

மேலும், பருவநிலைப் பணிகளில் ஒருவருக்கு நன்மையாவது மற்றொருவருக்குத் தீங்காவதும் உண்டு. கடல் அரிப்பைத் தடுக்க ஓர் ஊரின் முன்னே எழுப்பும் கற்சுவர், அடுத்த ஊரின் மணலைக் கடல் கொண்டுபோக வழி செய்யக்கூடும். ஏரியின் கொள்ளளவைப் பெருக்கக் கலிங்கை உயர்த்தினால், உள்வாயில் பயிரிடுவோரின் நிலம் நீரில் மூழ்கும். அடுத்த ஊராரும் உள்வாய் உழவரும் இல்லாத அவையில் இத்தகைய முடிவு எடுக்கப்படுமானால், அது எவ்வளவு சிறந்த விஞ்ஞானத்தின் மேல் எழுந்ததாயினும் நீதியாகாது. அழைப்பு என்பது மரியாதைக்காக அனுப்பப்படும் கடிதம் அன்று. பாதிக்கப்படக்கூடியவரின் குரலுக்கு அவையில் இடம் வகுப்பதாகும்.

நம் ஸ்தாபனங்களின் அனுபவம்

நீரையும் நிலத்தையும் கூடி ஆளும் பழக்கம் நமக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஊரார் கூடி ஏரியையும் கால்வாயையும் பழுது பார்க்கும் குடிமராமத்து முறைக்கு 1858-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஆதரவளித்தது; 2017-இல் தமிழக அரசு அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகளும் உள்ளன. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006-ஆம் ஆண்டில் வங்கிக் கடன் பெற்று, 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றைத் தனக்கென நிறுவிக்கொண்டது; தன் தேவைக்குப் போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, கடல்நீர் ஏறி இறங்குமாறு வாய்க்கால் வெட்டி, பட்டுப்போன அலையாத்திக் காட்டை மீண்டும் தழைக்கச் செய்தனர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது அக்காட்டின் பின்னேயுள்ள ஊர்களில் சேதம் குறைந்திருந்தது. நெல் வயலில் எந்நேரமும் நீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் நீரும் மிச்சமாகும். மீத்தேன் வாயுவும் குறையும். இவற்றைச் செய்து பார்த்தவர்களின் சொல்லுக்குள்ள மதிப்பு ஏட்டறிவுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

கையில் கொண்டுசெல்ல வேண்டியவை

மாநாட்டுக்குச் செல்லும் ஸ்தாபனம் வெறுங்கையுடன் செல்லலாகாது. "எங்கள் ஊரில் மழை முன்போல் இல்லை" என்று கூறினால் அவையோர் அனுதாபம் காட்டுவர். அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது. "இத்தனை ஆண்டுகளில் இன்ன மாதத்து மழை இவ்வளவு குறைந்தது, இத்தனை கிணறுகளில் நீர்மட்டம் இவ்வளவு இறங்கியது" என்று கணக்குக் காட்டினால் அதனைத் தட்டிக்கழிக்க முடியாது.

இக்கணக்கை எழுதப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துத் திறந்தவெளியில் ஒரு மழைமானியை நிறுத்தி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் மாணவர்களைக் கொண்டு அளந்து எழுதச் செய்யலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் ஆகும். ஊரிலுள்ள சில கிணறுகளைக் குறித்துக்கொண்டு, மாதத்தின் முதல் நாளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளக்கலாம். விதைத்த நாள், நடவு நாள், அறுத்த நாள், பூச்சி கண்ட நாள், வெள்ளத்தால் அழிந்த பரப்பு, வெயில் மிகுதியால் கூலி வேலை நின்ற நாட்கள் ஆகியவற்றையும் அதே ஏட்டில் குறித்து வரலாம்.

புறப்படுமுன் இக்கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். ஊரின் கோரிக்கைகளை இரண்டு மூன்றாகச் சுருக்கித் தீர்மானமாக எழுதிக்கொள்வது நன்று. கோரிக்கையோடு, ஊரார் தம் உழைப்பாலும் பொருளாலும் செய்ய ஒப்புவது இன்னது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். அப்பொழுதுதான் பிரதிநிதி தம் சொந்தக் கருத்தை அன்றி ஊரின் கருத்தைப் பேசுபவராவார்.

அழைப்போர் கவனிக்க வேண்டியவை

பொறுப்பு அழைக்கப்படுவோருக்கு மட்டும் உரியதன்று. மாநாடு கூட்டுவோர் யாரை அழைப்பது, எப்பொழுது அழைப்பது என்பதை நன்கு ஆய்ந்து செய்தல் வேண்டும். பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள், மகளிர் சுய உதவிக் குழுக்கள், மீனவர் சங்கங்கள் ஆகியவற்றின் பட்டியல் அரசாங்க அலுவலகங்களில் கிடைக்கும். ஆனால் எந்தப் பட்டியலிலும் சேராதவர்கள் இருக்கிறார்கள். நிலமற்ற கூலியாட்கள், வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுவோர், ஆடு மாடு மேய்த்து ஊர் ஊராய்ச் செல்வோர் ஆகியோருக்குப் பெரும்பாலும் பதிவு பெற்ற சங்கம் இராது. வெள்ளத்தாலும் வறட்சியாலும் முதலில் அடிபடுவோர் இவர்களே. கடிதத் தாளில் பெயர் அச்சிட்ட ஸ்தாபனங்களை மட்டும் அழைத்தால் இவர்களுடைய குரல் விடுபட்டுப்போகும்.

காலத்தையும் கருத வேண்டும். தை மாசியில் காவிரிப் படுகை உழவரை அழைத்தால் அறுவடையை விட்டு யார் வருவார்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்பொழுது மீனவர்கள் கரையில் இருப்பார்கள். ஆயினும் வருமானம் இராதாகையால் வழிச் செலவை மாநாட்டார் ஏற்பதே முறை. அழைப்பும் அறிக்கையும் தமிழில் இருத்தல் வேண்டும். குழந்தைகளுடன் வரும் பெண்களுக்குத் தங்கும் வசதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமப் பிரதிநிதிகள் பேசும் நேரத்தைக் கடைசி நாள் மாலைக்கு ஒதுக்கி, நாற்காலிகளுக்குச் சொற்பொழிவாற்றும்படி அவர்களை விட்டுவிடலாகாது.

திரும்பி வந்த பின்

திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில், மறைந்த நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவில் ஒரு நல்வழக்கம் இருந்தது. விழாவுக்கு வரும் உழவர் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ பெற்றுச் செல்வார். மறு ஆண்டு அதனைப் பெருக்கி 4 கிலோவாகத் திருப்பித் தருவார். பருவநிலை மாநாட்டுக்கும் இம்முறை பெரிதும் பொருந்தும். அங்குக் கேட்டறிந்ததை ஊரில் செய்து பார்த்து, விளைந்ததையும் விளையாததையும் அடுத்த முறை அவையில் எடுத்துரைப்பதே பங்குகொண்டதற்கு அடையாளம்.

ஆகவே, அழைப்பு வந்த ஸ்தாபனங்கள் அதனை அலுவலகக் கோப்பில் வைத்து மறந்துவிடாமல், அடுத்த கிராம சபையிலேயே எடுத்துப் படிப்பார்களாக. அழைப்பு வராத ஸ்தாபனங்கள், தாங்கள் பங்குகொள்ள விரும்புவதை மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுதித் தெரிவிக்கத் தயங்க வேண்டாம். மழைமானியை நிறுத்துவதற்கோ எந்த அழைப்பும் தேவையில்லை; அதனை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.