கைதட்டியது போதும், கால் ஏக்கர் கொடுங்கள்

சென்ற மாதம் எங்கள் ஊர் உழவர் கூட்டத்தில் வழக்கமான பேச்சுகளைக் குறைத்துக்கொண்டு, இளைஞர்களின் செயல்பாடுகள் பற்றிய இரண்டு ஆவணப்படங்களைத் திரையிட்டோம். பார்த்ததிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருப்பதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் படம் ‘ஃபாரஸ்ட் மேன்’. வெறும் 16 நிமிடம்தான். அசாமில் பிரம்மபுத்திரா மணல்திட்டில் தனி ஆளாகக் காடு வளர்த்த ஜாதவ் பாயேங் பற்றியது. 1979-இல் வெள்ளம் வடிந்த பிறகு, நிழலே இல்லாத மணலில் பாம்புகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். அப்போது அவர் பதின்ம வயதுப் பையன். முதலில் மூங்கில் நட்டார், பிறகு மற்ற மரங்கள். இன்று அந்தக் காடு 1,300 ஏக்கருக்கு மேல். யானைக் கூட்டமே வந்து தங்கிப் போகிறது. 2015-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் முதல் முப்பது ஆண்டுகள் அவர் யாரென்றே வெளியுலகத்துக்குத் தெரியாது.

மண்ணைப் பக்குவப்படுத்த அவர் சிவப்பெறும்புகளைப் பிடித்து வந்து விட்டார் என்று நான் சொன்னதும், பக்கத்தில் இருந்த பெரியவர், “நாம மருந்தடிச்சுக் கொன்னதை அந்தாளு தேடிக் கொண்டாந்து விட்டிருக்காரு பாரு” என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது, 2013-இல் வந்த ‘வில்லியம் அண்ட் த விண்ட்மில்’. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு உழவர் வீட்டுப் பையன் வில்லியம் கம்குவாம்பா. 2001-02 பஞ்சத்தில் மக்காச்சோளம் பொய்த்தது. கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பும் நின்றது. நூலகப் புத்தகத்தில் பார்த்த படத்தை வைத்து, பழைய சைக்கிள், டிராக்டர் விசிறி, பிளாஸ்டிக் குழாய், தைலமரக் கம்பு இவற்றால் காற்றாலை கட்டி வீட்டில் விளக்கு எரிய வைத்தான். ஊரோ கிறுக்கன் என்றது. பிறகு உலகமே அவனைத் தேடி வந்தது. மேடைகள், அமெரிக்கப் படிப்பு, எல்லாருடைய எதிர்பார்ப்பும். அந்தப் பாரத்தை அவன் எப்படிச் சுமக்கிறான் என்பதைத்தான் படம் அதிகம் காட்டுகிறது.

இந்த இருவருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு யாரும் சீந்தாத மணல்திட்டு. இன்னொருவனுக்குக் குப்பையில் கிடந்த சாமான்கள். இரண்டிலும், “இதைச் செய், அதைச் செய்யாதே” என்று சொல்ல ஆள் இல்லை. முடிவு அவர்கள் கையில் இருந்தது.

படம் முடிந்ததும், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விவசாயத்தில் ஆர்வமில்லை என்று ஒருவர் தொடங்கினார். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். “ஆர்வம் இல்லைன்னு சொல்றீங்களே மாமா, எங்கப்பா வயல்ல என்ன விதைக்கணும்னு நான் சொல்ல முடியுமா? கூட்டத்துக்கு வந்தா நாற்காலி போடச் சொல்றீங்க, வாட்ஸ்அப்ல சேதி அனுப்பச் சொல்றீங்க. அவ்வளவுதானே?” யாரும் பதில் சொல்லவில்லை.

அப்பாக்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூட்டுறவு வங்கிக் கடன் தலைக்கு மேல் நிற்கும்போது முழு வயலையும் சோதனைக்கு விட முடியாது. அதனால் நான் கேட்பது கால் ஏக்கர்தான். 25 சென்ட். மூன்று வருடத்துக்கு அது பிள்ளையின் பொறுப்பு. மாப்பிள்ளைச் சம்பாவோ கேழ்வரகோ, என்ன போடுவது, எங்கே விற்பது, எல்லாம் அவர்கள் முடிவு. ரசாயன உரம் தின்று பழகிய மண், முதல் வருடம் விளைச்சலைக் குறைத்துக் காட்டலாம். அப்போது “நான் அப்பவே சொன்னேன்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்டால் ஆலோசனை சொல்லுங்கள். பெண் பிள்ளைக்கும் இதே 25 சென்ட் உண்டு.

நம்பிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. நெல் ஜெயராமன் விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லைக் கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். முன்பின் அறியாத உழவர்களிடம்கூட அந்த விதை போனது. சொந்தப் பிள்ளையிடம் கால் ஏக்கரை விடத் தயங்குவானேன்?

ஆடி பிறக்கும் முன் வீட்டில் பேசி, எந்த மூலை என்று காட்டி விடுங்கள். வரப்பை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.