கேம் நைட்டுக்கு என்ன ஆடலாம்?

கேம் நைட்டுன்னா கடையில பெட்டி வாங்கித்தான் ஆரம்பிக்கணும்னு இல்ல மக்களே. நடராஜர் கோயிலுக்குள்ளயே கோவிந்தராஜப் பெருமாளும் இருக்கிற ஊர் நம்ம சிதம்பரம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க நம்ம பாட்டிங்க எடுத்தது பரமபதம். காரணம் சிம்பிள்: உருட்டு, ஏணின்னா ஏறு, பாம்புன்னா இறங்கு. தமிழே தெரியாத ரூம்மேட்கூட அரை நிமிஷத்துல சேர்ந்துக்கலாம். என்ன, மூளைக்கு வேலையே இல்ல. ரெண்டு ஆட்டத்துக்கு மேல போரடிக்கும்.

அப்போ ஆடுபுலியை இறக்குங்க. 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. தரையில சாக்பீஸ் கோடு, ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்கு பாட்டில் மூடி. ஆட்டை ஒவ்வொண்ணா வைக்கணும், 15-ம் இறங்கின பிறகுதான் நகர்த்தலாம். புலி ஆட்டைத் தாண்டிக் குதிச்சா அந்த ஆடு வெட்டு; மூணு புலியும் நகர முடியாம அடைபட்டா ஆட்டுக்கு ஜெயம். ரெண்டு பேர் ஆட்டம்தானேன்னு ஒதுக்காதீங்க. ஒருத்தர் புலி, மத்தவங்க எல்லாரும் ஆடுன்னு உட்கார்ந்தா ரூமே சண்டை போட்டு யோசிக்கும். ஃபர்ஸ்ட் இயர் பசங்களை ஆட்டுப் பக்கம் உட்கார வைங்க, பார்த்தே கத்துக்குவாங்க.

தாயம்? எனக்கு உயிர். ஆனா முதல் நாளுக்கு வேண்டாம். தாயம் விழாம காய் இறங்காது; அதுவரைக்கும் வேடிக்கை பார்க்கிறவர் மெதுவா போனை எடுத்துடுவார். போதாததுக்கு ஊருக்கு ஒரு விதி. கடலூர்க்காரரும் சிதம்பரத்துக்காரரும் அதைப் பேசி முடிக்கவே விடிஞ்சிடும். ஆடியே தீரணும்னா, மூணு சுத்துக்கு அப்புறம் தாயம் விழாமலே காயை இறக்கலாம்னு முதல்லயே பேசிக்கங்க.